இன்னாசி தேய்த்த பலகை

"மாஸ்டர், இன்னும் ஒரு கீறல் இருக்கு."

"எங்க?"

"இங்கன. லைட்டச் சாய்ச்சுப் பாருங்க."

பிலோமி மாஸ்டர் குனிந்து பார்த்தாள். இன்னாசி கைவிளக்கைப் பலகையின் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்திருந்தான். ஒயர் அவன் முழங்கையில் சுற்றிக் கிடந்தது.

"தெரியுதா?"

மாஸ்டர் சுவிட்சை அணைத்தாள்.

"இப்ப?"

"லைட்ட அணைச்சா எல்லாந்தான் போயிரும்."

மாஸ்டர் மறுபடி சுவிட்சைப் போட்டாள். இந்த முறை பலகையைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாள்.

"இருக்கு," என்றாள். "தேய்."

அவன் தேய்த்தான்.

*

இந்தக் கதையில் குரு என்று யாரையாவது சொல்லியே தீர வேண்டுமானால் அது பிலோமிதான். தாடி கிடையாது, காவி கிடையாது. முழங்கை வரைக்கும் ரெசின் பசை காய்ந்த கறை, கழுத்தில் ஒரு ஜெபமாலை, மூக்கை மறைக்கத் தூசிக்கவசம். தாழைமுனைக் கடற்கரையில் ஃபைபர் படகுகளுக்கு ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தவள். ஊருக்குள் சர்ஃபிங் வந்த பிறகு அந்தப் பலகைகளுக்கும் வைத்தியம் பார்க்கத் தொடங்கினாள்.

இன்னாசி அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். அலையேறப் பழக்குகிறவன். அவனைச் சீடன் என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். சொல்லாவிட்டாலும் அந்த நாட்களில் அவனுக்குக் கோபம்தான் வந்துகொண்டிருந்தது.

பலகை அவனுடையது அல்ல. கஸ்பாருடையது.

கஸ்பாரும் அதே வகுப்புதான். கடைசி பெஞ்சில் இன்னாசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் அலையேறக் கற்றார்கள். ஒன்றாகத்தான் மாலத்தீவில் ஒரு விடுதிக்கு வேலை கேட்டு எழுதிப் போட்டார்கள். சர்ஃபிங் சொல்லிக்கொடுக்கிற வேலை, ஒரே ஒரு இடம். கஸ்பாருக்குக் கிடைத்தது.

"நல்லது மாப்ள," என்றான் இன்னாசி. கட்டிப்பிடித்துக்கூடச் சொன்னான்.

*

தாழைமுனையில் அலையேறுகிறவர்களுக்கு ஒரே சட்டம்தான். ஒரு அலைக்கு ஒரு ஆள். அலை உடையும் இடத்துக்கு யார் பக்கத்தில் இருக்கிறானோ, அலை அவனுக்கு. மற்றவன் எவ்வளவு ஆசைப்பட்டாலும் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

வேலை கிடைத்த சில நாளில் வந்தது அந்தப் பருவத்தின் நல்ல அலை. கஸ்பார் அதில் எழுந்து நின்றுவிட்டான்.

இன்னாசி அவனைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். பார்த்துவிட்டு ஏறினான்.

பலகைக்கு அடியில் ஃபின் என்று ஒன்று உண்டு, மீனின் துடுப்புபோல நிற்கும். இன்னாசியின் ஃபின் கஸ்பாரின் பலகையை விளிம்பிலிருந்து நடுவரைக்கும் பிளந்தது. திரும்பிய பலகை கஸ்பாரின் புருவத்தைக் கிழித்தது.

கரையில் எல்லோரும் ஓடி வந்தார்கள்.

"நான் பாக்கல," என்றான் இன்னாசி.

அதுவரைக்கும் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

*

அந்த ஊரில் ஒரு வழக்கம். முன்பெல்லாம் ஒருவன் படகு இன்னொருவன் வலையை அறுத்துவிட்டால், அறுத்தவனே உட்கார்ந்து பின்னிக் கொடுக்க வேண்டும். இப்போது அது பலகைக்கும் வந்துவிட்டது. உடைத்தவன் தன் கையாலேயே சரிசெய்ய வேண்டும். தானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும், ஆள் விட்டு அனுப்பக் கூடாது. கொடுக்கும் வரைக்கும் அவன் அலையேறவும் கூடாது.

இன்னாசிக்கு ஓட்டை அடைக்கத் தெரியாது. அதனால் பிலோமியிடம் வந்தான்.

"பிலோமி, எனக்குச் சொல்லிக்குடு. கஸ்பார் மாலத்தீவுக்குப் போறதுக்குள்ள முடிக்கணும்."

"எப்பப் போறான்?"

"வார சனிக்கிழம."

"சரி. வெளிய நான் பிலோமி. இந்த ஷெட்டுக்குள்ள மாஸ்டர். சம்மதமா?"

"என்ன பிலோமி, நமக்குள்ள…"

அவள் கதவைச் சாத்தப் போனாள்.

"சம்மதம் மாஸ்டர்."

"எப்படி வேணும் ஒனக்கு?"

"ஒடஞ்ச எடமே தெரியக் கூடாது மாஸ்டர். கண்ணாடியா இருக்கணும். கஸ்பாரு கையில வாங்கினா, எங்க ஒடஞ்சதுன்னு அவனுக்கே தெரியக் கூடாது."

"தெரியாட்டி?"

"தெரியாட்டி ஒண்ணும் பேச வேண்டாம்லா."

சொன்ன பிறகுதான் சொன்னது அவன் காதில் விழுந்தது. சட்டென்று, "நான் பாக்கவே இல்ல மாஸ்டர்," என்றான்.

"நான் கேக்கலயே," என்றாள் மாஸ்டர்.

*

பிளந்த இடத்தில் நுரைக்கட்டை அடைத்து, ஃபைபர் துணி போர்த்தி, ரெசின் ஊற்றினார்கள். அதுவரைக்கும் மாஸ்டர் கூடவே நின்றாள். மேல்பூச்சு காய்ந்ததும் ஒதுங்கிக்கொண்டாள்.

"இனி ஒன் வேல. வாட்டர் பேப்பர் அந்தப் பெட்டியில இருக்கு. நானூறுல தொடங்கு. பெறகு அறுநூறு, எண்ணூறு, ஆயிரம். அப்படியே மேல போ. தண்ணி விட்டுத் தேய்."

வாட்டர் பேப்பர் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்; நம்பர் கூடக் கூடத் தாள் மென்மையாகும். ரெண்டாயிரம் நம்பர் தாளைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்தால்கூட உறைக்காது.

இன்னாசி தேய்த்தான். தேய்த்தபடியே வாசலைப் பார்த்தான். வாசலுக்கு வெளியே கடல். தெற்குக் காற்றில் அலைகள் வரிசையாக, வகிடு எடுத்ததுபோல வந்து உடைந்தன. ஏற ஆளில்லாமல் உடைந்தன. அவன் கால் தன்னால் ஆடிக்கொண்டே இருந்தது.

"மாஸ்டர், மனசு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது."

"கையும் நிக்கல."

அவன் கையைப் பார்த்தான்.

"வட்டம் வட்டமால்லா தேய்க்குத," என்றாள் மாஸ்டர். "நானூற நெடுக்கத் தேய். அறுநூறக் குறுக்கத் தேய். எண்ணூற மறுபடி நெடுக்க."

"எப்படித் தேய்ச்சா என்ன மாஸ்டர்? தேயத்தான செய்யுது?"

"நெடுக்க ஒண்ணு, குறுக்க ஒண்ணுன்னு தேய்ச்சாத்தான் பழைய கீறல் எது, புதுக் கீறல் எதுன்னு தெரியும். வட்டமாத் தேய்ச்சா ரெண்டும் ஒண்ணாக் கலந்துரும். எது எதுன்னு ஒனக்கே தெரியாது."

"தெரியாட்டி நல்லதுதான மாஸ்டர்?"

மாஸ்டர் எழுந்து வந்தாள். அவன் கையிலிருந்த தாளை வாங்கிக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள். பெட்டியிலிருந்து புது நானூறு ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

முதலிலிருந்து தொடங்கினான். நெடுக்க.

*

ஆயிரம் நம்பருக்கு வந்தபோது பலகையில் ஆழமாக ஒரு கோடு விழுந்தது. இன்னாசி தாளை விட்டெறிந்தான்.

"தாளு மோசம் மாஸ்டர். டூப்ளிகேட் தாளு."

மாஸ்டர் வாளியைக் காட்டினாள்.

காலையிலிருந்து ஒரே தண்ணீர். அதிலேதான் நானூறை நனைத்தான், அதிலேதான் அறுநூறையும் நனைத்தான். அடியில் வெள்ளையாகச் சேறு படிந்திருந்தது. முரட்டுத் தாளிலிருந்து உதிர்ந்த ஒரே ஒரு மண் போதும். மெல்லிய தாளுக்கு அடியில் புகுந்து உழுதுவிடும்.

"தண்ணிய மாத்தலயா?"

"அவசரம் மாஸ்டர். சனிக்கிழமைக்குள்ள…"

"ஏன், தண்ணி தெளிவாத்தான இருந்துது?"

"மேல தெளிவாத்தான் இருந்துது."

மாஸ்டர் வாளியை ஒரு உதை விட்டாள். அது கவிழ்ந்து ஷெட் முழுக்க ஓடியது. அவன் செருப்பு நனைந்தது.

அவன் வாளியை எடுத்துக்கொண்டு அடிகுழாய்க்குப் போனான். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே போனான். கொஞ்ச தூரம் போன பிறகு, திட்டுவது அவளைத்தானா என்று அவனுக்கே சந்தேகம் வந்தது.

*

"மாஸ்டர், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"எத்தன தாளு மாத்தினாலும் லைட்டச் சாய்ச்சா ஒரு கீறல் வருதே. எந்தத் தாளு கடைசிக் கீறல எடுக்கும்?"

மாஸ்டர் ஆணியில் தொங்கிய பூதக்கண்ணாடியை எடுத்தாள். படகில் மயிரிழை விரிசல் தேடுவதற்கு வைத்திருந்தது.

"ரெண்டாயிரம் தேய்ச்ச எடத்தப் பாரு."

பார்த்தான். பார்த்தவன் பயந்துபோனான். கண்ணுக்கு வழவழவென்றிருந்த இடமெல்லாம் கண்ணாடிக்குள் கோடு கோடாக, அறுத்த வயல்போலக் கிடந்தது.

"மாஸ்டர், இது எடுக்கவே இல்ல. இதுவும் கீறத்தான் செய்யுது."

"பெறகு?"

"சின்னதாக் கீறுது."

"அதுக்குப் பேருதான் பளபளப்பு."

இன்னாசி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தான். அவனுக்கு ஏமாற்றமாக இருந்தது. யாரோ தன்னை இத்தனை காலமாக ஏமாற்றிவிட்டதுபோல இருந்தது.

"அப்ப கீறலே இல்லாத போர்டே கெடையாதா?"

"இருக்கே."

"எங்க மாஸ்டர்?"

மாஸ்டர் மூலையில் இருந்த ரெசின் டின்னைக் காட்டினாள். இன்னும் மூடி திறக்காத, எந்தப் பலகைக்கும் ஊற்றாத டின்.

*

மதியம் கஸ்பார் வந்தான்.

வாசலில் அவன் நிழல் விழுந்ததுமே இன்னாசி தெரிந்துகொண்டான். ஒரே பாய்ச்சலில் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டான். பலகை ஸ்டாண்டில் பக்கவாட்டில் நின்றிருந்தது. நல்ல மறைவு.

கஸ்பார் உள்ளே வரவில்லை. புருவத்தில் தையல், மேலே பிளாஸ்திரி.

"ஆயிட்டா பிலோமி?"

"வேல செய்யுதவனக் கேளு."

"அவன் எங்க?"

மாஸ்டர் தேநீரை உறிஞ்சினாள். பலகை பக்கமாகத் தலையை ஆட்டினாள்.

கஸ்பார் பலகையைப் பார்த்தான். அதன் மஞ்சள் நிறத்தைப் பார்த்தான். பழைய நாட்களில் அவன் அந்தப் பலகையில் முகம் பார்த்துத் தலை சீவுவான் என்று ஊரில் கேலி செய்வார்கள். அது உண்மையும்கூட.

பிறகு பலகைக்குக் கீழே பார்த்தான்.

"காலு மட்டுந்தான் இருக்கு போல," என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. அவன் போய்விட்டான்.

இன்னாசி எழுந்திருக்க வெகுநேரம் ஆனது.

"அவன் என்னப் பாத்துட்டான், இல்லியா மாஸ்டர்?"

"ஒன் காலத்தான பாத்தான்."

"கோவமா இருந்தானா?"

"போயிக் கேளு."

"போர்டு முடியட்டும் மாஸ்டர். முடிஞ்சதும் நானே கொண்டுபோயிக் குடுக்கேன். இப்பப் போனா வெறுங்கையோட போகணும்."

"வெறுங்கையோட போனா என்ன ஆகும்?"

அவன் ரெண்டாயிரம் நம்பர் தாளை எடுத்து நனைத்தான்.

"நான் பாக்கல மாஸ்டர். வெயிலு கண்ணுல அடிச்சுது."

"சரி."

"நெசமாத்தான் சொல்லுதேன்."

"சரின்னு சொன்னேன்லா."

அந்தச் 'சரி' அவனைப் பாடாய்ப் படுத்தியது. இல்லை என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

*

உடைப்பு இருந்த அடிப்பக்கம் பளபளத்தது. அத்தோடு விட்டானா? மேல்பக்கத்தையும் பிடித்துக்கொண்டான்.

"அது எதுக்கு?" என்றாள் மாஸ்டர். "மேல அவன் நிக்குத எடம்."

"அதுவும் மின்னட்டும் மாஸ்டர். ஒரு கொற இருக்கக் கூடாது."

மாஸ்டர் தடுக்கவில்லை. அவன் முடிக்கும் வரை காத்திருந்தாள். முடித்ததும் ஃபின்னைக் கழற்றிவிட்டு, வாசல் மணலில் கோணி விரித்துப் பலகையைக் கிடத்தினாள். மேலே ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினாள்.

"ஏறி நில்லு."

"எதுக்கு?"

"கஸ்பார் நிக்கப்போற போர்டு. நீ ஒருக்கா நின்னு பாரு."

பத்து வயதிலிருந்து அலைமேல் நின்றவன். கோணிமேல் கிடக்கும் பலகையில் நிற்கச் சொல்கிறாளே என்று சிரித்தபடியே காலை வைத்தான். அடுத்த காலை வைப்பதற்குள் மணலில் உட்கார்ந்திருந்தான்.

வலை காய வைத்துக்கொண்டிருந்த பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

"வழுக்குது மாஸ்டர்."

"நிக்குததுக்கு என்ன வேணும்?"

"பிடிமானம் வேணும்."

"அத எங்க வச்ச?"

இன்னாசி பின்புறத்து மணலைத் தட்டினான். கோபமா, வெட்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டும்தான். பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய் மறுபடி அடிப்பக்கத்தைத் திருப்பிப்போட்டான்.

*

வெள்ளிக்கிழமை மாஸ்டர் சாப்பிட வீட்டுக்குப் போனாள்.

போகும்போது, "மெஷினத் தொடாத," என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

பஃபிங் மெஷின் சுவரோரம் இருந்தது. கையால் ஒரு நாள் தேய்ப்பதை அது கால் மணி நேரத்தில் தேய்த்துவிடும். இன்னாசி அதைப் பார்த்தான். கடலைப் பார்த்தான். கைவிளக்கைச் சாய்த்தான். பழைய உடைப்புக்கு நேர்மேலே, ஒரு நகக்கீறல் அளவுக்கு, அது இருந்தது.

நாளைக் காலையில் கஸ்பார் போய்விடுவான்.

மெஷினைப் போட்டான். மெருகுப் பசையைத் தடவினான். கீறல் இருந்த இடத்தில் வைத்து அழுத்தினான். மங்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினான். அனேகமாகப் போய்விட்டது. இன்னும் ஒரே ஒரு அழுத்து.

மெஷினின் சத்தம் மாறியது.

அவன் எடுத்துப் பார்த்தபோது மேல்பூச்சு அங்கே இல்லை. கருகிய வாசனை. அதற்கு அடியில் வெள்ளை வெள்ளையாக ஃபைபர் துணியின் இழை தெரிந்தது, தோல் உரிந்த முட்டிபோல.

மாஸ்டர் வந்து பார்த்தாள்.

"துணி தெரியுது," என்றாள்.

"ஒரு கீறல்தான் மாஸ்டர். ஒரே ஒரு கீறல எடுக்கத்தான் போனேன்."

"எடுத்துட்டியே."

இன்னாசி தரையில் உட்கார்ந்துவிட்டான். முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். அவன் அழுதான் என்று சொல்வதில் தப்பில்லை, அழத்தான் செய்தான்.

மாஸ்டர் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. மெஷினைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தாள்.

"இன்னொரு பூச்சு போடலாமா மாஸ்டர்?"

"போடலாம்."

"போட்டா சரியாயிருமா?"

"எந்திரி. போர்டத் தூக்கு."

தூக்கினான்.

"முந்தி எப்படி இருந்துது?"

"கஸ்பாரோட போர்டு எடையே இருக்காது மாஸ்டர். ஒத்த வெரல்ல தூக்கிருவான்."

"இப்ப?"

அவன் மறு கையையும் அடியில் கொடுத்தான். அடைத்த கட்டை, போர்த்திய துணி, ஊற்றிய ரெசின் எல்லாம் சேர்ந்து கை இழுத்தது.

"போடு. இன்னும் ரெண்டு பூச்சு போடு," என்றாள் மாஸ்டர். "வலைய ஏத்தி மீனு பிடிக்கப் போகட்டும்."

ஒரு பூச்சுதான் போட்டான். கருகிய இடத்துக்கு மட்டும். காய்ந்ததும் மறுபடி நானூறு. வாளித் தண்ணீரை ஒவ்வொரு தாளுக்கும் மாற்றினான். நெடுக்க, குறுக்க, நெடுக்க. கை மரத்துப்போனது. மனசு மட்டும் மரக்கவில்லை. கஸ்பார் வாங்கிப் பார்ப்பான். விரலால் தடவுவான். நல்லாயிருக்கு என்பான். நான் சரி என்பேன். அவன் ஏறிப் போய்விடுவான். இதைத்தான் திரும்பத் திரும்ப மனசுக்குள் நடத்திப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் கடைசியில் கஸ்பார் நிமிர்ந்து அவன் கண்ணைப் பார்த்தான். அந்த இடம் வந்ததும் தாளை மாற்றினான்.

*

சனிக்கிழமை விடிந்தது.

பலகை மின்னியது. சும்மா சொல்லக் கூடாது, அப்படியொரு மினுக்கத்தைத் தாழைமுனை பார்த்ததில்லை. கூரையின் தகரம் அதில் தெரிந்தது. தகரத்தின் ஓட்டை தெரிந்தது. ஓட்டை வழியே வானமும் தெரிந்தது.

இன்னாசி கைவிளக்கைச் சாய்த்தான். இந்தப் பக்கம் சாய்த்தான். அந்தப் பக்கம் சாய்த்தான்.

"மாஸ்டர்."

"என்ன?"

"ஒண்ணு இருக்கு போல."

"எங்க?"

"இருக்கு போல இருக்கு. சரியாத் தெரியல. இன்னும் ஒரு மணி நேரம் குடுங்க."

மாதா சிலை வைத்த கெபிப் பக்கமிருந்து வேன் ஹாரன் சத்தம் கேட்டது. கஸ்பாரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோக வந்த வேன்.

"வேன் வந்துட்டு," என்றாள் மாஸ்டர்.

"அர மணி நேரம் மாஸ்டர். ஒரே தாளு. அவனக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க. நீங்க போயிச் சொன்னாக் கேப்பான்."

மாஸ்டர் எழுந்தாள். தாள்பெட்டி பக்கம் போனாள். அவள் தனக்கு ரெண்டாயிரம் நம்பர் எடுத்துத் தரப்போகிறாள் என்று இன்னாசி கையை நீட்டினான்.

அவள் எடுத்தது படகு சுரண்டும் முரட்டு உப்புத்தாள். எண்பதாம் நம்பர். அதை நாலாக மடித்தாள். பலகை பக்கம் வந்தாள். பழைய உடைப்பு இருந்த இடத்தில் வைத்து, கைநீளத்துக்கு ஒரே இழுப்பாக இழுத்தாள்.

கிர்ர்ரென்றது.

மஞ்சளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கோடு. கைவிளக்கு வேண்டாம், கண்ணாடி வேண்டாம். வாசலில் நின்றாலே தெரியும்.

"ஏ பிலோமி!" என்று கத்தினான் இன்னாசி. மாஸ்டராவது, ஷெட்டாவது. "என்ன காரியம் செஞ்ச! ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

அவள் தாளைக் கீழே போட்டாள்.

"ஒரு வாரமா உசுரக் குடுத்துத் தேய்ச்சேனே! இத எப்படிக் கொண்டுபோயி அவன்கிட்டக் குடுப்பேன்? இது என்னடான்னு கேப்பானே! நான் என்னத்தச் சொல்லுவேன்?"

ஹாரன் மறுபடி அடித்தது. நீளமாக அடித்தது.

இன்னாசி பலகையைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். வழி கண்டுபிடித்துவிட்டவன் போலப் பேசினான்.

"சரி, போட்டும். ஒன் பேரு கெட வேண்டாம். பிலோமி கை தவறிப் பட்டுட்டு, அவ பாக்கலன்னு சொல்லிருதேன்."

"கை தவறல," என்றாள் பிலோமி. "பாத்துக்கிட்டேதான் கீறினேன். அப்படியே சொல்லு."

இன்னாசி கைவிளக்கை அணைத்தான்.

பிறகு பலகையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டு ஓடினான்.

*

கெபி முன்னால் வேன் புறப்படத் தயாராக நின்றது. கஸ்பார் பையை உள்ளே போட்டுவிட்டுப் படியில் ஒரு காலை வைத்திருந்தான். அவன் அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இன்னாசிக்கு மூச்சு வாங்கியது. பலகையை இறக்கி அவன் முன்னால் நிறுத்தினான்.

கஸ்பார் காலை எடுத்தான். பலகையைத் தொட்டான். உள்ளங்கையால் மேலிருந்து கீழாகத் தடவினான்.

"கண்ணாடில்லா போட்டிருக்க," என்றான்.

இன்னாசி தலையாட்டினான்.

கஸ்பாரின் கை அந்தக் கோட்டில் வந்து நின்றது.

"இது என்ன?"

டிரைவர் எட்டிப் பார்த்தார். "தம்பி, ஏறுதியளா இல்லியா? பிளைட்ட விட்டுட்டு என்னயச் சொல்லக் கூடாது."

"இது என்னன்னு கேட்டேன்," என்றான் கஸ்பார். இப்போது அவன் நிமிர்ந்து பார்த்தான். பிளாஸ்திரிக்குக் கீழே அந்தக் கண், நேராகப் பார்த்தது.

பிலோமி பேரைச் சொல்லத்தான் இன்னாசி வாயைத் திறந்தான்.

"நான் ஒன்னப் பாத்தேன்," என்றான்.

கஸ்பாரின் கை கோட்டிலேயே இருந்தது.

"நல்லாப் பாத்தேன். நீ எந்திச்சு நின்னதப் பாத்தேன். பாத்துட்டுத்தான் ஏறினேன். ஒனக்கு வேல கெடச்சதுல எனக்கு வயிறு எரிஞ்சுது."

கஸ்பாரின் அம்மா மூக்கைத் துடைப்பதை நிறுத்திவிட்டாள். டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்தார்.

கஸ்பாரின் விரல் அந்தக் கோட்டின் முனையிலிருந்து முனை வரைக்கும் மெல்லப் போய் வந்தது.

"இதச் சொல்லவாலே," என்றான், "இவ்வளவு தேய்ச்ச?"